சம்மட்டியும் கூட்டுறவும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கல் குவாரிகளில் ஜல்லி உடைப்போரை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சம்மட்டியின் எடை, அடியின் வேகம், கல்லின் கடினம் ஆகியவை தெரிந்தால், ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு உடைக்க இயலும் என்று இயற்பியலின் துணைகொண்டு மதிப்பிடலாம். ஆனால் அவர் உண்மையில் எவ்வளவு உடைப்பார்? இதற்கு விடை சம்மட்டியில் இல்லை.

இவ்வினாவை ஆராய்ந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1924-இல் ஒரு சோதனை தொடங்கியது. வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா? நேரான தொடர்பு எதுவும் கிட்டவில்லை. 1927-இல், ரிலே என்னும் மின்கருவியைப் பூட்டும் பெண்கள் சிலரைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி பெரும்பாலும் ஏறியே வந்தது. குழு உணர்வும், அவர்கள்பால் காட்டப்பட்ட அக்கறையுமே காரணம் என்றார் ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். சோதனையில் ஒரு சமயம் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம் அல்லவா? அந்த அறையிலோ கூலி முறையும் மாறியிருந்தது. அச்சிறு குழுவின் உற்பத்திக்கேற்பக் கூலி கிடைத்தது. மேலும், ஒத்துழைக்கவில்லை என்று 1928-இல் இருவரை மாற்றினர். ஆகவே அக்கறை ஒன்றே காரணம் என முடிவு கட்ட இயலாது.

அதே ஆலையில் 1931-32-இல் கம்பி இணைப்பு வேலை செய்த 14 ஆண்களைக் கவனித்தனர். அவர்களுடைய கூலியும் குழுவின் உற்பத்தியைச் சார்ந்ததே. எனினும், “நாளுக்கு இவ்வளவு போதும்” என்று தமக்குள் ஓர் அளவு வைத்திருந்தனர். விரைந்து செய்தவரைக் கேலி செய்தனர், புயத்தில் குத்தினர். இது சோம்பல் அன்று. அதிகம் செய்தால் கூலி விகிதம் குறையும், ஆட்குறைப்பு வரும் என்ற அச்சமே. ஆக, குழு ஒருவரை முன்னே தள்ளவும் செய்யும், பின்னே இழுக்கவும் செய்யும்.

இனிப் புதுக்கோட்டைக்குத் திரும்புவோம். அங்கே கல் உடைத்த பெண்கள் ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்கு உழைத்தவர்கள். கொத்தடிமைகளாய் இருந்தோரும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தபோது, குவாரிகள் பலவற்றை அப்பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டனர். 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தையும் கணக்கையும் கற்பித்தது. சைக்கிள் ஓட்டவும் பழக்கியது. கூலியாள் என்று நின்றவர்கள் குத்தகைதாரர்களாய்ப் பேரம் பேசினார்கள்.

கல் அதே கல், சம்மட்டியும் அதேதான். மாறியது, உழைப்பின் பலன் யாருக்கு, முடிவு செய்வது யார் என்பதே. பணியிடத்தில் ஒருவர் மெதுவாக வேலை செய்யக் கண்டால் அவர் குணத்தைப் பழிப்பதற்கு முன், இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.