ஒண்டுக்குடித்தன முற்றத்தில் பூந்தொட்டிகள்



நம் பின்பக்கச் சிமென்ட் முற்றத்தில் மதியம் கால் வைக்க முடிவதில்லை. செடி வைக்கலாம் என்றால், "பொது இடத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?" என்று கேட்கிறோம்.

ஸ்பெயினின் கோர்டோபா நகரைப் பாருங்கள். கொளுத்தும் கோடை. பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி ஒண்டுக்குடித்தனம் இருந்தன. தரையில் கூழாங்கல் பதித்தார்கள். வெள்ளையடித்த சுவரெங்கும் பூந்தொட்டிகளை மாட்டினார்கள். எட்டாத தொட்டிக்கு, நீண்ட கம்பின் நுனியில் டப்பா கட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். முற்றம் குளிர்ந்தது. 1921இல் முற்றங்களுக்கான போட்டி தொடங்கியது. 2012இல் அந்த விழா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இத்தனையும் குடியிருந்தவர்களின் கைவேலை.

நமக்கும் வீட்டுக்கு ஒரு தொட்டி, வாரம் ஒருவர் முறை போதும். அடுத்த கூட்டத்தில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.