இருளில் பூசிய வெள்ளி

உதகமண்டலத்தை ஆங்கிலேயரின் கோடை வாசத்தலமாகவே நாம் அறிந்திருக்கிறோம். நம் நாட்டின் புகைப்பட வரலாற்றில் அச்சிறு மலைநகருக்கு உள்ள பங்கை அவ்வளவாக அறிந்தோமில்லை.

அவ்வரலாற்றை நம் திருச்சியிலிருந்தே தொடங்கலாம். சென்னை அரசின் புகைப்படக் கலைஞரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் எடுத்த திருச்சிப் படங்கள் 1858-இல் தொகுப்பாக வெளிவந்தன. அவர் கையாண்டது மெழுகிட்ட காகிதம். முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளலாம் என்பதால் நம் வெயிலுக்கு அது ஏற்றது. வெப்பம் புகைப்படக் கலைக்கு என்றுமே பகை. சித்திரை மாதத்துக் கே.கே. நகரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை!

குளிர்ந்த உதகையிலோ ஏ.டி.டபிள்யூ. பென் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே படநிலையம் நடத்தினார். நீலமலைக் காட்சிகளையும் தோடர் முதலிய மலைமக்களையும் அவர் பதிவு செய்தார்.

படம் எடுத்த ஊர், பின்னர்ப் படச்சுருளையே செய்யும் ஊராயிற்று. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்துடன் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் வணிகப் பெயர் ‘இந்து’. சமயத்தைக் குறிப்பதன்று, வடமொழியில் நிலவுக்கு அப்பெயர்.

வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து மெல்லிய தாளில் பூச வேண்டும். ஒரு துகள் படிந்தாலும் படம் கெடும். சிறிது வெளிச்சம் பட்டாலும் எல்லாம் வீண். ஆகவே தூய குளிர்காற்றுள்ள மலை தேவைப்பட்டது. பூச்சு வேலை இருட்டிலோ, மிக மங்கிய வண்ண ஒளியிலோ நடந்தது. பிறர் ஒளியில் காண்பதற்காகத் தம் பணிநேரத்தை இருளில் கழித்தவர்கள் அவர்கள். திரைப்படச் சுருள், புகைப்படத் தாள், எக்ஸ்ரே படம் எல்லாம் அங்கிருந்து வந்தன. மருத்துவர் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்த நெஞ்சுப் படங்கள் எத்தனையோ அக்கைகளின் உழைப்பாயிருக்கும்.

வண்ணச்சுருள் பரவியதும் தளர்ச்சி தொடங்கியது. கடன்பட்டு மேற்கொண்ட பாலியெஸ்டர் எக்ஸ்ரே திட்டம் சுமையைப் பெருக்கியது. 1990-களில் நலிந்த நிறுவனமாயிற்று. டிஜிட்டல் கேமரா எஞ்சியதையும் முடித்தது. 2014-இல் மூடுவதென மத்திய அரசு முடிவெடுத்தது. வேலையிழந்த குடும்பங்களுக்கு அம்மலையில் மாற்றுத் தொழில் எளிதில் கிட்டுவதில்லை என்பதை அம்முடிவில் யாரும் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததாக நமக்குத் தோன்றவில்லை.

டிரைப்பின் பெயரும் பென்னின் பெயரும் நூல்களில் உள்ளன. இருளில் வெள்ளி பூசியவர்களின் பெயர்கள் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை. நம் அலமாரியில் உள்ள கருப்பு வெள்ளைப் புதுநன்மைப் படமும் அவர்கள் பூசிய தாளாக இருக்கக்கூடும். ஆலை இருந்த பகுதிக்கு இந்து நகர் என்ற பெயர் இன்னும் வழங்குகிறது.