கண்டி வட்டாரத்தில் நன்னீர்ச் சூழலியல் ஆய்வு

பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் போகும் வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகவே செல்கிறது. கலஹா மலைத்தோட்டங்களிலிருந்து இறங்கும் ஓடைகள் மகாவலி கங்கையைச் சேர்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆறு வளாகத்தை ஒட்டி ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. இந்த வட்டாரத்தின் நீர்ச் சூழலியல் ஆய்வு, இந்த ஆற்றை மனிதர் மாற்றிய வேகத்தைத் துரத்திக்கொண்டே வளர்ந்தது.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 முதல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1961இல் இங்கு விஞ்ஞான பீடம் உருவானது. விலங்கியல் துறையை ஹிலரி குரூஸ் கட்டியெழுப்பினார். நாட்டில் அக்கால நன்னீர் ஆய்வு பெரும்பாலும் எந்த நீரில் எந்த உயிர் வாழ்கிறது என்று இனங்காணும் வேலையாகவே இருந்தது. பொறுமை வேண்டிய வேலை அது. அந்தப் பட்டியல்கள் இல்லாவிட்டால் பின்னால் எது அழிந்தது என்றே தெரிந்திருக்காது.

ஆறு மாறியதோ வெகு விரைவில். 1976இல் பொல்கொல்லை அணை மகாவலியின் நீரை வடக்கே திருப்பியது. 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகள் எழுந்தன. ஓடும் ஆற்றின் நீண்ட பகுதிகள் தேங்கும் நீராயின. தேயிலை, புகையிலைச் சரிவுகளில் அரித்த மண் பொல்கொல்லையில் படிந்தது. 

இந்த ஆய்வு வரலாற்றில் துணிச்சலான முயற்சி 1981இல் நடந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் மொய்லும் அவரிடம் ஆய்வு செய்த ரணில் சேனாநாயக்கவும் இலங்கை நன்னீர் மீன்களின் நிலையை ஆராய்ந்தார்கள். களனி, களு கங்கைகளின் மழைக்காட்டு ஓடைகளில் வாழ்ந்த சிறு மீன்கள் காடழிப்பால் அற்றுப்போகும் என்ற அச்சத்தில், அவற்றுள் சில மேல் மகாவலி ஓடைகளில் விடப்பட்டன. ஆய்வாளர் எரிக் விக்கிரமநாயக்க பின்னர் அந்த ஓடைகளை ஆராய்ந்து 1990இல் முடிவுகளை வெளியிட்டார். விடப்பட்ட மீன்களில் சில புதிய நீரில் நிலைத்து இனம் பெருக்கியிருந்தன. ஆபத்து நேரத்தில் அது நியாயமான முடிவு என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு வடிநிலத்தின் மீனை இன்னொன்றில் விடுவது, அங்குள்ள உயிர்களின் வரலாற்றையே கலைத்துவிடக்கூடும். அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்களான மாதவ மீகஸ்கும்புர, ஹிரண்ய சுதசிங்க ஆகியோர் ரொஹான் பெத்தியாகொடவுடன் சேர்ந்து, மரபணுவைக் கொண்டு மீன் குடிகளை ஆற்றுவாரியாகப் பிரித்து அறிந்தார்கள். பெத்தியா என்ற மீன் பேரினம் பற்றிய அவர்களது ஆய்வு 2021இல் வெளிவந்தது.

நகரத்து நீரும் தப்பவில்லை. பேராதனைப் புவிச்சரிதவியல் துறையின் சி. பி. திசாநாயக்க 1980களின் தொடக்கத்திலேயே கண்டி வாவியின் மாசை ஆராய்ந்தார். 1999இல் வாவியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகிப் படர்ந்தது. வாவியிலிருந்து வெளியேறும் மெத எல என்ற கால்வாய் நகரக் கழிவையும் சுமந்துகொண்டு மகாவலிக்குப் போகிறது. ஆற்றங்கரையிலுள்ள கோஹாகொடை குப்பைமேட்டிலிருந்து வடியும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வழிகளையும் பேராதனை ஆய்வாளர்கள் தேடிவருகிறார்கள்.