ஆபாச வெளியீடுகளும் சட்டமும்: தீங்கு பற்றிய கருத்தின் வரலாறு

முன்னுரை

ஆபாச நூல்களும் படங்களும் தனி மனிதனையும் சமுதாயத்தையும் கெடுக்கும் என்பது பலரும் ஒப்பும் கூற்றாகும். ஆயினும், அக்கேடு யாரைச் சாரும், எவ்வாறு சாரும் என்னும் வினாக்களுக்கு எல்லாக் காலத்தாரும் ஒரே விடை கூறினாரல்லர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் படிப்போன் மனத்தையே நோக்கிற்று. படத்துள் அகப்பட்ட மனிதரை நோக்கவில்லை. இந்நோக்கு மாறிய வரலாற்றைச் சுருங்க ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நஞ்சு என்னும் உவமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரின் ஹோலிவெல் தெரு ஆபாச நூல் வாணிகத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. 1857-இல் நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று பிரபுக்கள் சபையின் ஆய்வில் இருந்தது. அவ்வமயம் தலைமை நீதிபதியாகிய காம்பெல் பிரபு, பாடாணத்தினும் கொடிய நஞ்சு வெளிப்படையாக விற்கப்படுகின்றது என்று கூறி, ஆபாச வெளியீட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தார். அத்தகைய நூல்களைத் தேடிக் கைப்பற்றி அழிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் வழங்கிற்று.

1868-இல் ஹிக்லின் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் ஓர் அளவுகோலை வகுத்தார். தீய தூண்டுதலுக்கு எளிதில் ஆட்படும் மனத்தினர் கையில் ஒரு நூல் சேருமாயின், அவர்களைக் கெடுக்கும் இயல்பு அதற்கு உண்டா என்பதே அவ்வளவுகோல். வெளியிட்டோனின் நோக்கம் நன்றாயினும் அது பொருட்படுத்தப்படவில்லை. வலிமை குன்றிய மனமே எல்லா நூல்கட்கும் உரைகல் ஆயிற்று. நஞ்சு உண்பவனைக் கொல்வது போல நூலும் படிப்பவனைக் கெடுக்கும் என்று கொண்டனர். நஞ்சைக் காய்ச்சுங்கால் மாய்ந்தோர் உளரோ என்று எவரும் வினவினாரல்லர்.

இந்நாட்டில் அவ்வளவுகோல்

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 292-ஆம் பிரிவால், ஆபாச நூல் விற்பனையைக் குற்றமாக்கிற்று. அச்சட்டத்திற்குப் பொருள் காணுங்கால் இந்நாட்டு நீதிமன்றங்களும் ஆங்கில அளவுகோலையே கைக்கொண்டன. அதன் விளைவு யாது என்பதற்குச் சென்னை மாகாணமே சான்று தரும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையைச் சார்ந்த கணிகையர் குலப் புலவர் முத்துப்பழனி, பதினெட்டாம் நூற்றாண்டில் தெலுங்கு மொழியில் இராதிகா சாந்தவனம் என்னும் காவியத்தை இயற்றினார். முன்னைப் பதிப்பிற் சில பகுதிகள் விடுபட்டிருக்கக் கண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள், 1910-இல் அதனை முழுமையாக வெளியிட்டார். 1911-இல் அரசினர் அந்நூலைத் தடை செய்தனர். 1947-இலேயே அத்தடை நீங்கிற்று. ஒரு பெண் காதலின்பத்தைப் பாடிய காவியமும், காசுக்காக அச்சிடப்பட்ட இழிநூலும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டன. பிறர் எவரையும் வருத்தாத நூல் முப்பத்தாறு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

விடுதலைக்குப் பின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. லாரன்சின் புதினம் ஒன்றை விற்ற பம்பாய்ப் புத்தக வணிகர் இரஞ்சித் உதேசியின் வழக்கில், 1964-இல் உச்சநீதிமன்றம் ஹிக்லின் அளவுகோலைக் கைவிடல் வேண்டா என்றே தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டின் அவீக் சர்க்கார் வழக்கிலேயே அது விலக்கப்பட்டது.

பார்ப்போனும் பார்க்கப்படுவோரும்

படிப்போன் கெடுவானா என்னும் வினாவிற்கு உறுதியான விடை காண்டல் அரிது. அமெரிக்க நாட்டில் 1970-இல் அறிக்கை அளித்த குழுவின் பெரும்பான்மையோர், இத்தகைய வெளியீடுகள் குற்றச் செயலுக்குக் குறிப்பிடத்தக்க காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றனர். 1986-இல் அறிக்கை அளித்த பிறிதொரு குழு, வன்முறை கலந்த படங்கள் தீங்கு பயப்பன என்று முடிவு கட்டிற்று. ஒரே வினா, ஒரே நாடு, விடைகளோ முரண்பட்டன.

இதற்கிடையே வேறொரு வினா எழுந்தது. 1972-இல் வெளிவந்து பெரும்பொருள் ஈட்டிய ஆபாசத் திரைப்படம் ஒன்றில் நடித்த லிண்டா போர்மன், தம் கணவர் அடித்தும் அச்சுறுத்தியும் தம்மை நடிக்கச் செய்தார் என்று 1980-இல் நூலெழுதி வெளியிட்டார். 1986-ஆம் ஆண்டின் குழுவிற்கும் சாட்சியம் அளித்தார். அவர் கூற்றை மறுத்தோரும் உளர். ஆயினும், அப்படம் ஆபாசமா என்று வழக்காடிய மன்றங்கள், அப்பெண் இசைந்து நடித்தாளா என்று வினவவில்லை என்பது எண்ணத்தக்கது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வினா ஐயத்திற்கு இடமின்றித் தெளிவுபெற்றது. 1982-இல் பெர்பர் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், இத்தகைய படத்தை எடுக்குங்காலே குழந்தை கேடுறுகின்றது. படம் பரவுந்தோறும் அக்கேடு நீடிக்கின்றது. எனவே, ஆபாச அளவுகோலை நாடாமலே அதனைத் தடுக்கலாம் என்று கூறிற்று.

இந்தியாவிலும் 2008-இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம், ஒருவர் இசைவின்றி அவர்தம் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் தனிக்குற்றமாக்கிற்று. குழந்தைகளைக் காட்டும் இழிபடத்தைத் தனிமையில் பார்த்தல் குற்றமன்று என்ற சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை, 2024 செப்டம்பர் 23-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தள்ளிற்று. குழந்தை ஆபாசம் என்னும் பொருள்படும் தொடரையும் நீதிமன்றங்கள் வழங்குதல் கூடாது. அது குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் சுரண்டலையும் குறிக்கும் சொல்லால் வழங்கப்படல் வேண்டும் என்றும் பணித்தது. பொருந்தாச் சொல் குற்றத்தின் தன்மையை மறைக்கும் என்பதைச் சொல்லாராய்ச்சியினர் நன்கறிவர்.

அகத்திணை மரபு

இவ்விடத்துத் தமிழ் மரபு ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. காமத்தைப் பாடத் தமிழ்ச் சான்றோர் நாணினாரல்லர். ஆனால், அகன் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறல் ஆகாது என்பது தொல்காப்பியர் விதித்த வரம்பு. நெடுநல்வாடையில் வேப்பம்பூவாகிய அடையாளம் பாண்டியனைச் சுட்டியமையால், அதனை அகமெனக் கொள்ளாது புறமென்றே நச்சினார்க்கினியர் உரைத்தார். இது செய்யுள் மரபேயன்றிச் சட்டமன்று. எனினும், காமம் பேசப்படலாம். அதன்பொருட்டு ஒருவரின் அந்தரங்கம் அம்பலமாதல் ஆகாது என்னும் தெளிவு இதனுள் அமைந்திருத்தல் காணலாம்.

முடிவுரை

கைப்பேசியில் ஒரு நொடியிற் படம் பரவும் காலம் இது. எடுக்கப்படாத படத்திலும் ஒரு பெண்ணின் முகத்தைக் கணினி பொருத்திவிடுகின்றது. பார்ப்போன் கெடுவானா என்று மட்டும் வினவும் சட்டம் அப்பெண்ணின் துயரை அறியாது. ஊரார் வாய்க்கு அஞ்சிப் படிப்பையும் பணியையும் துறப்பவள் அவளே. இளைஞர் உள்ளம் மாசுறாமற் காத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை. அதனை மறுப்பார் இலர். சட்டம் முதற்கண் வினவ வேண்டுவதோ, படத்தில் உள்ளவர் இசைந்தாரா என்பதே. அவ்வினாவைக் கேளாத காலத்துச் சட்டம் காவியத்தை முடக்கிற்று. கொடுமைக்கு ஆளானோரைக் காக்கத் தவறிற்று என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மையாகும்.