சட்டைப்பை நாணயம் (வெள்ளி)

செலவிடும் நோக்கமின்றி, நினைவுப் பொருளாகவோ நற்பேற்றுச் சின்னமாகவோ ஒருவர் நாள்தோறும் தம்முடன் வைத்திருக்கும் வெள்ளி நாணயம். அமெரிக்காவில் பழைய டாலர்களும் அரை டாலர்களும் இதற்கு விரும்பப்படுகின்றன.

வகைகள்: மார்கன் டாலர் (1878–1904, 1921), பீஸ் டாலர் (1921–1928, 1934–1935) ஆகியவை 26.73 கிராம் எடையும் 38.1 மி.மீ. விட்டமும் உடையவை. வாக்கிங் லிபர்ட்டி அரை டாலர் (1916–1947) 12.5 கிராம். இம்மூன்றிலும் வெள்ளி 90%, செம்பு 10%. 1986 முதல் வெளிவரும் அமெரிக்கன் சில்வர் ஈகிள் 99.9% வெள்ளியாதலால் மென்மையானது. எளிதில் கீறல் விழும்.

தேர்வு: உரசலால் சேகரிப்பு மதிப்பு குறையும். எனவே அரிய ஆண்டு நாணயங்களைத் தவிர்த்து, ஏற்கெனவே தேய்ந்த, பரவலாகக் கிடைக்கும் 1921 மார்கன் போன்றவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சாவி, பிற காசுகளுடன் சேர்த்து வைப்பதில்லை.

தேய்மானம்: மார்கன் டாலரில் லிபர்ட்டி உருவத்தின் காதுக்கு மேலுள்ள கூந்தலும், பின்புறக் கழுகின் மார்பிறகுகளும் முதலில் மழுங்கும்; பள்ளங்களில் கருமை தங்கும்.

வரலாறு: 1965ஆம் ஆண்டு நாணயச் சட்டம் 10 சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கி, அரை டாலரில் 40% ஆகக் குறைத்தது. பின்னர் வெள்ளிக் காசுகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. அன்றாடம் கையாளப்படும் பழைய வெள்ளிக் காசாக இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் சட்டைப்பை நாணயமே.