வற்றிய நதியும் மூண்ட காய்ச்சலும்

மழை மிகுந்தால் நுளம்பு பெருகும், நுளம்பு பெருகினால் காய்ச்சல் பரவும் என்பது நம்மிடையே நிலவும் பொதுவான எண்ணம். கண்டியையும் அதனைச் சூழ்ந்த ஈரவலயக் கிராமங்களையும் பொறுத்தவரை வரலாறு இதற்கு மாறான பாடத்தைத் தருகின்றது. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாப் பெருநோய், மழை பொய்த்தமையால் வந்ததாகும்.

1934இல் தென்மேற்குப் பருவமழை தவறியது. இன்று நமது பேராதனை வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் மகாவலி கங்கையும், மா ஓயா, தெதுறு ஓயா என்பனவும் நீரோட்டம் குன்றின. வழமையான காலங்களில் நுளம்பின் குடம்பிகளை அடித்துச் செல்லும் ஆற்றுப்படுகைகளில் தெளிந்த குட்டைகள் தேங்கின. வெயில்படும் இத்தகைய தெளிநீரே, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசீஸ் என்னும் நுளம்பு முட்டையிட உகந்த இடமாகும்.

உலர்வலய மக்கள் இந்நோய்க்கு அடிக்கடி ஆளாகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரவலயத்தவருக்கோ அவ்வாற்றல் இல்லை. அத்துடன், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தமும் வரட்சியும் அவர்தம் உணவைக் குறைத்திருந்தன. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கடித்தது நுளம்பே, எனினும் கொன்றதில் பசிக்கும் பங்குண்டு.

இத்துயர் அரசியலிலும் தடம் பதித்தது. சூரியமல் இயக்கத்தினர் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் நிறுவுநருள் ஒருவரானார். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த குடியானவன், துன்பத்தில் தன் வாசலுக்கு வந்தவரை மறக்கவில்லை.

பின்னர் டீ.டீ.ரி. தெளிப்பினால் நோய் அடங்கி, 1963இல் 17 பேரையே பீடித்தது. வெற்றி கிட்டிவிட்டதென விழிப்புத் தளர்ந்தது. அதே தசாப்தத்தின் இறுதியில் இலட்சக்கணக்கானோரை அது மீண்டும் வாட்டியது. நெடிய உழைப்பின் பின்னர், 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆயினும், உண்ணிகள் பரப்பும் ரிக்கெற்சியாக் காய்ச்சல் மத்திய மலைநாட்டில் இன்றும் காணப்படுகின்றது. கடிக்கும் சிற்றுயிர்களுக்கும் மனிதனுக்கும் இடையிலான போர் ஓயவில்லை.

மகாவலியின் நீர் குறைந்து பாறைகள் தலைகாட்டும் நாட்களில் பாலத்தைக் கடக்கும் நாம், அக்குட்டைகளைச் சற்றே உற்று நோக்குவோமாக. 1963இன் மறதிக்கு மீண்டும் இடமளிப்பின், அதற்குரிய விலையை முதலிற் செலுத்தப்போகின்றவர் ஏழைக் கிராமத்தவரே.