வராத வைரஸின் வரலாறு

அரசர்களுக்கு வரலாறு உண்டு, கோயில்களுக்கு உண்டு, வணிகக் குழுக்களுக்கும் உண்டு. பொய்க்கு வரலாறு உண்டா என்று கேட்டால், அதற்கும் உண்டு. அதிலும் கம்ப்யூட்டர் வழியே பரவிய பொய்க்கு மாதம், வருஷத்தோடு சொல்லக்கூடிய வரலாறே இருக்கிறது. "இந்தத் தலைப்பில் மின்னஞ்சல் வந்தால் திறக்காதீங்க, திறந்தால் கம்ப்யூட்டர் காலி, தெரிந்தவர்களுக்கெல்லாம் உடனே சொல்லுங்க" என்ற எச்சரிக்கை ஒரு காலத்தில் வராத வீடு ஏது? வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பல கடிதங்கள் சொன்ன வைரஸ் உலகில் எங்குமே இருந்ததில்லை. எச்சரிக்கை மட்டும்தான் ஊர் ஊராகச் சுற்றியது.

அடியேன் பள்ளிப் படிப்போடு நின்று, ஆரணிப் பட்டைச் சுமந்துகொண்டு மும்பைக்கு வந்த வியாபாரி. பழைய கல்வெட்டுச் செய்திகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் உண்டு. அதே பழக்கத்தில் இந்தப் புரளிக் கடிதங்களையும் அச்செடுத்துக் கோப்பில் போட்டு வைத்தேன். அந்தக் கோப்பைப் புரட்டியபோது தோன்றியவையே இக்கட்டுரை.

தபால்கார்டு மூதாதை

இந்தக் கடிதங்களின் மூதாதை நமக்குப் புதியதல்ல. சாமி பெயரைச் சொல்லி, "இதை இத்தனை பேருக்கு எழுதிப் போட்டால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டால் கெடுதல்" என்று தபால்கார்டு வருமே, நினைவிருக்கிறதா? அமெரிக்காவிலும் 1935-ல் டென்வர் நகரில் பத்து சென்ட் அனுப்பச் சொல்லும் தொடர் கடிதம் கிளம்பி, தபால் நிலையமே திணறிப் போனது.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழ் சியாக் என்றொரு கணினிப் பாதுகாப்புக் குழு இருந்தது. தொடர் கடிதத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு என்று அது பிரித்துக் காட்டியது. ஒன்று தூண்டில், இரண்டாவது மிரட்டல், மூன்றாவது வேண்டுகோள். சாமி கார்டிலும் இந்த மூன்றும் உண்டு, வைரஸ் எச்சரிக்கையிலும் உண்டு. கெடுதல் செய்யும் தெய்வத்தின் இடத்தில் வைரஸ் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

1988 முதல் 1994 வரை

1986-ல் பக்கத்து லாகூரிலிருந்து 'பிரெய்ன்' என்ற நிஜ வைரஸ் பிளாப்பி வழியாகப் பரவியது. நிஜம் வந்த பின்னால் நிழல் வராமல் இருக்குமா? 1988-ல் ஒரு எச்சரிக்கை கிளம்பியது. 2400 பாட் வேக மோடத்தின் துணை அலையிலேயே வைரஸ் பயணம் செய்கிறதாம், ஆகவே எல்லோரும் பழைய 1200 வேகத்துக்கே திரும்பிவிட வேண்டுமாம்! எழுதியவர் பெயர் 'மைக் ரோசென்லி'. சேர்த்துச் சொல்லிப் பாருங்களேன், அப்போது ஐ.பி.எம். வெளியிட்டிருந்த 'மைக்ரோசேனல்' என்ற அமைப்பின் பெயர் காதில் விழும். விளையாட்டாகச் செய்த வேலை என்பதற்குப் பெயரே சாட்சி.

உலகையே சுற்றிய புரளி 1994 நவம்பர் வாக்கில் புறப்பட்ட 'குட் டைம்ஸ்'. அந்தத் தலைப்புள்ள மின்னஞ்சலைப் படித்தாலே ஹார்ட் டிஸ்க் அழிந்துவிடும் என்றது. டிசம்பரிலேயே சியாக் குழு இது வெறும் புரளி என்று அறிவித்தது. ஆனாலும் அடங்கவில்லை. பிறகு வந்த நீண்ட வடிவம், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமே "போன புதன்கிழமை" எச்சரித்ததாகச் சொன்னது. வைரஸ் எச்சரிக்கை விடுவது அந்த ஆணையத்தின் வேலையே அல்ல.

"போன புதன்கிழமை" என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தப் புதன்கிழமை? தேதி போட்டால் சரக்கு பழசாகிவிடும். தேதி இல்லாவிட்டால் என்றைக்கும் புதுச் சரக்கு. தேதியும் கையெழுத்தும் இல்லாத உண்டியலை எந்த வியாபாரியாவது வாங்குவானா? கடைப் பெட்டியில் அத்தனை கறாராக இருப்பவர்களும் மின்னஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக. புரளி நமக்கு முன்பே வந்து காத்திருந்தது!

பொய் சொன்னது மெய்யானது

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1994-ல் மின்னஞ்சல் என்பது பெரும்பாலும் வெறும் எழுத்து. எழுத்தைப் படிப்பதால் எந்த நிரலும் ஓடாது. ஆனால் 1995-ல் வேர்ட் கோப்பில் ஒட்டிக்கொள்ளும் 'கான்செப்ட்' வந்தது. 1999 மார்ச்சில் 'மெலிசா' வந்து, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் 'பபிள்பாய்' வந்தது. இணைப்பைத் திறக்காமல், கடிதத்தைப் பார்த்தாலே அது வேலை செய்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' புறப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் பொய்யாகச் சொன்னது மெய்யாகிவிட்டது. ஆகவே எச்சரிக்கை எல்லாமே பொய் என்று ஒதுக்கவும் முடியாது, எல்லாமே மெய் என்று பரப்பவும் கூடாது.

தன் கையே தனக்கு எதிரி

அடுத்த தலைமுறைப் புரளி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. 2001-ல் 'சல்ஃப்என்பிகே' என்ற கோப்பு வைரஸ் என்றும், ஜூன் 1-ஆம் தேதி விழித்துக்கொள்ளும் என்றும் கடிதம் வந்தது. 2002-ல் 'ஜேடிபக்எம்ஜிஆர்' என்ற கோப்பைச் சொன்னார்கள். அதற்குக் கரடிப் பொம்மைச் சின்னம். 14 நாள் தூங்கிவிட்டு எழும் என்றார்கள். "தேடிப் பாருங்க, உங்க கம்ப்யூட்டரிலும் இருக்கும், அழிச்சுடுங்க" என்பதுதான் செய்தி.

தேடினால் இருந்தது! ஏன் இருக்காது? முதலாவது விண்டோஸ் 98-ல் நீண்ட கோப்புப் பெயர்களை மீட்கும் கருவி. இரண்டாவது ஜாவா நிரல் எழுதுபவர்களுக்கான கருவி. இரண்டும் விண்டோஸோடு வந்தவை. வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைக் கண்டுபிடிக்கவில்லையே என்றால், "அதுக்கே தெரியாத அளவு பொல்லாதது" என்று பதிலும் தயார். அழித்ததால் பலருக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் வைரஸ் செய்ய வேண்டிய வேலையை மனிதன் தன் கையாலேயே செய்தான், செய்துவிட்டு உறவினருக்கும் செய்யச் சொன்னான். மறுநாள் "அது பொய்யாம்" என்று திருத்தம் அனுப்பினால், முதல் கடிதம் போன தூரம் அது போவதில்லை.

கெட்ட எண்ணத்தால் இதை அனுப்பியவர்கள் குறைவு. மகன் அப்பாவுக்கு அனுப்பினான், அக்கா தங்கைக்கு அனுப்பினாள். ஊரை விட்டு வந்த நமக்கு உறவு விட்டுப்போகக் கூடாதே என்ற தவிப்பு அதிகம். அந்தப் பாசம்தான் புரளிக்கு வண்டி, மாடு எல்லாம்.

கோப்பிலிருந்து உயிருக்கு

மின்னஞ்சல் போய் வாட்ஸ்அப் வந்தது. அழிந்தது கோப்பாக இருந்தவரை சிரித்துவிட்டுப் போனோம். 2018 மே மாதம், எங்கள் பக்கத்துப் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரார் அடித்தார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் குற்றம். ஒரு மூதாட்டி இறந்தே போனார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது, உஷார் என்று அப்போது செல்போன்களில் சுற்றிய எச்சரிக்கையும் அதே மூன்று உறுப்புக் கடிதம்தான். வெளியூரிலிருந்து சாமி கும்பிட வந்தவர்கள் அவர்கள். நாமும் வருஷா வருஷம் அப்படித்தானே போகிறோம்?

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கருவிக்குப் பூட்டுப் போடலாம், மனசுக்கு நாம்தான் போட வேண்டும்.

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். எச்சரிக்கை வந்தால் உண்டியலைப் பார்ப்பது போலப் பாருங்கள். தேதி இருக்கிறதா? சொன்னவர் பெயர் இருக்கிறதா? அந்த அலுவலகம் உண்மையில் அப்படிச் சொன்னதா? மூன்றில் ஒன்று குறைந்தாலும் உங்களோடு நிறுத்திவிடுங்கள். சந்தேகம் வந்தால் வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளையைக் கேளுங்கள். கேட்கும் தாத்தாவைப் பிள்ளைகள் கேலி செய்ய வேண்டாம். தேதியும் பெயரும் இல்லாத எச்சரிக்கையை நம் சங்கத்துக் குழுவில் போடுவதில்லை என்று இந்த ஆண்டே முடிவு செய்தால், இக்கட்டுரை எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிடும்.